காக்கைகளைப் பொறுத்துக்கொண்ட டாங்க்

ஏவுதளத்து மணலில், கடலிலிருந்து மீட்டுக் கொண்டுவந்து போட்ட ராக்கெட்டின் பழைய எரிபொருள் டாங்க் ஒன்று கிடந்தது. பாதி வழியில் தன்னைக் கடலில் உதறிவிட்டுப் போன ராக்கெட்டை அது இன்னும் மன்னிக்கவில்லை.

அன்று மெல்லிய தட்டு போன்ற ஒரு விண்கலம், எரிபொருளே இல்லாமல் வானுக்குக் கிளம்பியது. பக்கத்தில் தரையிலிருந்த லேசர் விளக்கு தன் ஒளியால் அதைத் தள்ளியது.

"கட்டுச்சோறு இல்லாம ஊருக்குப் போறா பாரு!" என்றது டாங்க்.

"சோத்தை நான் இங்கேருந்தே அனுப்புறேன், அண்ணே. செலவு கம்மி. ஆனா பறவை குறுக்கே வந்தா நான் அணைஞ்சாகணும், அது சட்டம். அணைஞ்சா அவ விழுந்துருவா," என்றது விளக்கு.

"விழட்டுமே. நான் விழலையா?"

அப்போது ஏழெட்டுக் காக்கைகள் வந்து டாங்க்கின் மேல் உட்கார்ந்து கொத்தின. வழக்கமாக அது 'டங்' என்று அதிர்ந்து விரட்டிவிடும்; அவை விளக்குக்கு மேலாகத்தான் பறந்து போகும். இன்று அசையவில்லை. எச்சமிட்டபோதும் அசையவில்லை.

"என்ன அண்ணே, காக்கா மேல திடீர்னு பாசம்?" என்று விளக்கு சீண்டியது.

"பேசாம வேலையைப் பாரு. அவ போய்ச் சேர்ந்தாளா?"

"இன்னும் கொஞ்ச தூரம்."

டாங்க் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது.

"சேர்ந்துட்டா, அண்ணே!"

டாங்க் 'டங்' என்று அதிர்ந்தது. "போங்கடா, சனியன்களா!"