கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"அந்தக் கண்ணாடிக்குப் பின்னால யாரை ஒளிச்சு வச்சிருக்கீங்க, ஃபிராவ் இஞ்சினியர்?"

சோதனை அறைச் சுவரில் பதித்திருந்த இருண்ட கண்ணாடியைக் காட்டி, டாக்டர் வெசெலி நாற்காலியில் உட்காரும்போதே கேட்டார். இஞ்சினியர் அன்னலீஸ் பதில் சொல்லவில்லை. சோதனை ஆரம்பித்த பிறகு அவள் வாயைத் திறந்தால் சோதனையே செல்லாது. அதுதான் விதி.

டாக்டர்களே சிகிச்சை முறைகளைக் கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுக்க ஒரு தனி மொழியை அவள் உருவாக்கியிருந்தாள். வியன்னாவின் வார்டுகளில் நான்கு வருடம் டாக்டர்கள் பின்னாலேயே நடந்து, அவர்கள் உத்தரவு போடுவதைக் கேட்டுக் கேட்டு உருவாக்கியது. அதில் எழுதிக் கொடுத்தால், எந்த நோயாளிக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று வார்டிலுள்ள கம்ப்யூட்டர் நர்ஸுகளுக்குச் சொல்லும். தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவரான வெசெலி இன்று அதைச் சோதித்துப் பார்த்து, டாக்டர்களால் இதில் எழுத முடியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நான்கு வருட உழைப்பை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.

அவரோ வந்ததும் வராததுமாகக் கையை விரித்துவிட்டார். கம்ப்யூட்டர் மொழி எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லையாம். அது தெரியாமலே இவ்வளவு பெரிய வார்டை ஆண்டுகொண்டிருக்கிறாராம். தன் வழக்கப்படி உத்தரவு எழுதுவாராம், அதை மொழி மாற்றிக்கொள்வது அவள் ஆளின் பாடாம்.

"போன வருஷமும் இப்படித்தான் ஒருத்தன் மெஷின் பேசுதுன்னு காட்டினான். கண்ணாடிக்குப் பின்னால உட்கார்ந்து டைப் அடிச்சவன் தும்மிட்டான். மானம் போச்சு. உங்க ஆளையாவது தும்மாம இருக்கச் சொல்லுங்க."

அன்னலீஸின் காது மடல் சிவந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். சரியாகப் பிடித்துவிட்டோம் என்று வெசெலிக்குப் பரம திருப்தி. காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கீபோர்டில் தட்ட ஆரம்பித்தார்.

'பொட்டாசியம் 3.5க்குக் கீழே இருந்தால் பொட்டாசியம் சொட்டு ஆரம்பிக்கவும். 4.5ஐத் தாண்டினால் நிறுத்தவும். சிறுநீர் குறைந்தால் உடனே நிறுத்தவும்.'

ரத்தத்தில் அந்த உப்பு குறைந்தாலும் இதயம் தடுமாறும், அளவுக்கு மேல் ஏறினாலும் நின்றே போகும். இருபது வருடமாக அவர் வார்டில் இந்த மூன்று வரிதான் சட்டம்.

திரையில் ஒரு கேள்வி வந்தது. 'சிறுநீர் குறைந்தால் என்றால், எவ்வளவு?'

"இது கூடத் தெரியாத ஆளா?" என்று கண்ணாடியைப் பார்த்து முறைத்தார். பிறகு முனகிக்கொண்டே அளவை எழுதினார். உடனே அடுத்த கேள்வி வந்தது.

'சொட்டு ஏறிக்கொண்டிருக்கும்போது அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வராவிட்டால்?'

வெசெலி விரலை எடுத்துவிட்டார். கேள்வியை மறுபடி படித்தார். முடிவு எப்படி வராமல் போகும் என்று சண்டைக்குக் கிளம்பியவர், பாதியிலேயே அடங்கிப்போனார். லேபில் மெஷின் படுத்துவிட்டால் வராது. முடிவு வராவிட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது டாக்டர்களின் பழைய வியாதி. அவர் எழுதிய மூன்று வரியில், அந்த நேரத்தில் சொட்டை நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை கூட இல்லை.

"அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே இருக்கும்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அன்னலீஸுக்கு அவர் தோளைத் தட்டிக் கொடுக்க வேண்டும் போலிருந்தது. விதியை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டு மணி நேரத்துக்குள் புது முடிவு வராவிட்டால் சொட்டை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடவும் என்று அவர் நிதானமாக எழுதினார். அதற்குப் பிறகும் கேள்விகள் வந்தன. அவரும் முறைப்பதை விட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் எழுதினார். காபி ஆறிப்போனதைக் கூட கவனிக்கவில்லை. கடைசியில், 'கேள்வி எதுவும் இல்லை. நன்றி, டாக்டர்' என்று வந்தபோது, பரீட்சையில் தேறிய பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, 'முடிந்தது' பொத்தானை அழுத்தினார்.

அவர் ரவுண்ட்ஸ் போனால் பத்துப் பன்னிரண்டு டாக்டர்கள் மாப்பிள்ளை ஊர்வலம் போலப் பின்னால் வருவார்கள். ஹெர் பிரிமார், ஹெர் பிரிமார் என்று வார்த்தைக்கு வார்த்தை அவருடைய தலைமை டாக்டர் பட்டத்தைச் சொல்லித் தலையாட்டுவார்கள். முடிவு வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் இதுவரை கேட்டதில்லை.

"எல்லாருக்கும் என்கிட்ட பயம். இந்த ஆளுக்கு அது இல்ல," என்றார். குரலில் கோபம் துளியும் இல்லை. "இப்ப நான் எழுதியிருக்கிறதைப் பாருங்க. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சுத்தமா எழுதினதில்ல."

"ஆமா, ஹெர் பிரிமார்," என்றாள் அன்னலீஸ். சோதனை முடிந்துவிட்டதால் இப்போது அவள் பேசலாம்.

"ஆனா பொய்யாக் கையெழுத்துப் போட மாட்டேன். உங்க மொழியில நான் ஒரு வரி கூட எழுதல. அதனால மொழி வேண்டாம்னுதான் எழுதப் போறேன். அந்த ஆளை மட்டும் நாளைக்கே என் வார்டுக்கு அனுப்பிடுங்க. சம்பளம் எவ்வளவு கேட்டாலும் சரி."

அன்னலீஸ் எழுந்து நின்றாள்.

"அந்தப் பக்கம் யாருமே இல்ல, ஹெர் பிரிமார். உங்களைக் கேள்வி கேட்டது என் மொழிதான், இவ்வளவு நேரம் நீங்க எழுதினதும் அதுலதான்."