மாஸ்டர் பார்க்காத ஆட்டம்

உள்ளே அரங்கம் அதிர்ந்தது. வெளியே, கழிவறைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அடுத்தவர் வண்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் போட்டே பழகிய கால்.

மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடைப்பந்து உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். நாட்டு அணிக்குக் கேப்டன், அவர் பெற்ற மகள். டிக்கெட் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. கடல் தாண்டி வந்தவருக்கு உள்ளே போகத்தான் அனுமதியில்லை.

"வர வேணாம்னு சொல்லலப்பா. வாங்க. ஆனா பாக்காதீங்க. நீங்க பாத்தாலே தோத்துடறோம்" என்று கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

அதில் பொய்யுமில்லை. அவள் பள்ளியில் ஆடிய காலத்தில் இவர் போய் நின்ற ஆட்டத்திலெல்லாம் அணி மண்ணைக் கவ்வியது. ஒருமுறை அவளை யாரோ இடித்துத் தள்ளியதும், ஆட்டத்தின் நடுவிலேயே உள்ளே பாய்ந்து நடுவரோடு மல்லுக்கு நின்றார் மனிதர். அன்றைக்கும் தோல்விதான்.

அதற்கப்புறம் அவள் ஜெயித்த எதையும் இவர் கண்ணால் பார்த்ததில்லை. டிவியில் ஆட்டம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார். திரும்பி வந்ததும் மனைவி ஒன்றுவிடாமல் வர்ணிப்பாள். கொடுத்துவைத்தவள் என்று இவருக்கு வயிறெரியும்.

இன்று மகளின் கடைசி ஆட்டம். முழங்கால் இதற்குமேல் தாங்காது என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார். இன்றும் பார்க்காவிட்டால் இனி எப்போதுமே இல்லை.

மறுபடி ஆரவாரம். மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. இன்னொன்று. காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு சட்டென்று எல்லாம் அடங்கியது. பல்லாயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒரு தும்மல்கூட இல்லை.

"ஜெயிச்சாச்சு!" மாஸ்டர் துள்ளி எழுந்தார்.

ஆட்டம் நடப்பது எதிரணியின் ஊரில். அந்தக் கூட்டம் வாயை மூடினால் நமக்குக் கொண்டாட்டம் என்பது அவர் போட்ட கணக்கு.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். ஓடியவர் ஸ்கோர் பலகையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். மகளின் அணி ஒரே ஒரு புள்ளி முன்னால். ஆனால் நின்றிருந்த கடிகாரத்தில் இன்னும் நான்கு விநாடி பாக்கி. பந்து எதிரணியின் கையில்.

கெடுத்தேனே! கண்ணை மூடு என்று மனசு கத்தியது. கண் கேட்டால்தானே?

எதிரணியின் நெட்டைப் பெண் கூடைக்குக் கீழே பந்தோடு எழும்பினாள். கூடவே மகளும் எழும்பினாள், அந்தப் பாழாய்ப்போன முழங்காலோடு. அவள் விரல்கள் பந்தைத் தட்டிவிட்டன. பந்து தரையைத் தொடுவதற்குள் பஸ்ஸர் அலறியது.

உலகக் கோப்பை! அவர் கண் முன்னாலேயே!

தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நடுவில் மாஸ்டர் மட்டும் குதித்தார். பக்கத்தில் இருந்தவரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அவர் எதிரணிக்காரர், பாவம். சந்தோஷத்தில் இவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க ஆச்சு? நான் மாடிப்படியில உக்காந்திருக்கேன், எதிர்வீட்டுக்காரி இன்னும் வந்து சொல்லல. நான் பாத்தா தோத்துடுவாங்கன்னு வருஷக்கணக்கா என்னைப் பாக்கவே விடலையே உங்க பொண்ணு... அய்யோ, இத உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தா!"

மாஸ்டர் களத்தைப் பார்த்தார். தோழிகளின் தோளில் ஏறியிருந்த மகளும் அவரைப் பார்த்துவிட்டாள். அம்மாதான் என்று போனைத் தூக்கிக் காட்டி, விரலை ஆட்டி மிரட்டினார்.

உலக சாம்பியன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.