விறைப்பாக நின்ற இடது இமை

ஏகாம்பரத்தின் முகத்தில் இடது இமைக்கு ஏக மிடுக்கு. கண்ணைத் தேவைக்கு மேலேயே அகலமாகத் திறந்து வைத்திருக்கும். வலது இமையோ, கடைக்காரர் சாப்பிடப் போகும்போது பாதி இறக்கிவிட்ட ஷட்டர் மாதிரி தொங்கும்.

"என்ன அண்ணே, காலையிலேயே தூக்கமா?" என்று இடது தினமும் சீண்டும்.

"முக்கித்தான் பார்க்கிறேன் தம்பி, எழும்ப வரல."

"என்னைப் பாருங்க. நான் இல்லாட்டி இந்த மனுஷன் பஸ் நம்பர்கூடப் படிக்க முடியாது."

வலதைத் தூக்கிவிட்டே களைத்துப்போயிருந்த புருவம், நெற்றியைச் சுருக்கி மறுபடி இழுத்துப் பார்த்தது.

ஒரு நாள் கண் டாக்டர் ஏகாம்பரத்தின் கையில் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, வலது இமையை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்தார். உடனே இடது இமை பாதிக் கண்ணுக்கு இறங்கிவிட்டது. தம் கட்டிப் பார்த்தது, எழும்ப முடியவில்லை.

ஏகாம்பரம் பதறினார்.

"பயப்படாதீங்க" என்றார் டாக்டர். "மூளை ரெண்டு இமைக்கும் சேர்த்து ஒரே உத்தரவுதான் போடும். வலதை எழுப்ப அது போட்ட சத்தத்துலதான் இடது இத்தனை நாள் விறைப்பா நின்னுச்சு. இப்ப வலது எழுந்துட்டதால, மூளை சத்தத்தைக் குறைச்சிடுச்சு."

டாக்டரின் விரலில் சாய்ந்தபடி வலது இமை சிரித்தது. "தம்பி, இங்கிருந்து பார்த்தா சுழல்ற ஃபேன்கூடத் தெரியுதுடா."

இடது இமை மேலே பார்த்துப் புருவத்திடம் மெதுவாகக் கேட்டது:

"அக்கா, டாக்டர் அந்த விரலை எப்ப எடுப்பார்?"