படத்தில் விழாத டார்ச்

கடகடவென்று ஷெட்டின் ஷட்டர் இறங்கும் சத்தம். பிறகு கும்மிருட்டு. உள்ளே விற்பனைக்கு நின்றது ஒரு கிழட்டுக் கார். இன்று எடுக்கும் படத்தைப் பார்த்து யாரும் கேட்டு வராவிட்டால், நாளை அதை உடைக்கக் கொண்டுபோய்விடுவார்கள்.

"இடது கதவு ஒடுங்கிக் கிடக்கே, தம்பி" என்றது கார், படமெடுக்க வெளிச்சம் காட்ட வந்த டார்ச்சிடம்.

"நான் வெளிச்சம் காட்டினாத்தானே அது தெரியும்? அசையாம நில்லுங்கண்ணே."

எதிரே நின்ற கேமரா அரை நிமிடம் இமைக்காமல் பார்த்தது. அவ்வளவு நேரமும் டார்ச் எங்கும் நிற்காமல், காரின் கூரையையும் முதுகையும் ஒளியால் தடவிக்கொண்டே நடந்தது.

கேமராவின் திரையில் வந்த படத்தில் கார் புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது. டார்ச்சைக் காணோம்.

"நீ எங்கப்பா?"

"நடந்துக்கிட்டே இருந்தா கேமரா கண்ணுல நான் படமாட்டேண்ணே."

மாலையே ஒருவர் தேடி வந்தார். ஒடுங்கிய கதவைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். "இருக்கட்டும், எடுத்துக்கிறேன்" என்றார்.

நன்றி சொல்லக் கார் திரும்பியபோது, டார்ச் பக்கத்து வண்டிக்கு அடியில் விழுந்த நட்டைத் தேடிக்கொண்டிருந்தது.