கையை விரித்த வக்கீல்கள்

மூன்றாவது வக்கீலின் ஆபீஸிலிருந்தும் கிளாடெட் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள். எதிரே முடிவெட்டும் கடையில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த ரோலன், கண்ணாடியிலேயே அதைப் பார்த்துவிட்டான். அவள் புருஷன்தான். விவாகரத்து மனுவைத் தானே எழுதிப் போட்டுவிட்டு, வக்கீலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவன்.

எங்கள் ஊர் கனடா எல்லையை ஒட்டிய ஊர். உருளைக்கிழங்குக்கும் பனிக்கும் பஞ்சமில்லை, வக்கீல்கள் மட்டும் நாலே பேர். அதில் மூன்று பேர் கிளாடெட்டுக்குக் கையை விரித்துவிட்டார்கள் என்ற சேதி அன்று சாயங்காலத்துக்குள் மாதா கோயில் வரை போய்விட்டது.

ரோலனுக்குத் தலைகால் புரியவில்லை. நேராக அவள் வேலை பார்க்கும் நூலகத்துக்குப் போனான். அவளோடு சண்டை போட எப்போதும் அங்கேதான் போவான், அங்கே அவளால் குரலை உயர்த்த முடியாதே. அப்படியொரு நல்ல மனசு அவனுக்கு.

கிளாடெட் திரும்பி வந்த புத்தகங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே அவளுடைய பாடப் புத்தகம், தலையணை கனத்தில். நூலகச் சம்பளத்தில் மகளைத் தனியாக வளர்க்க முடியாது என்று, வேலை முடிந்து சாயங்காலங்களில் வக்கீல் உதவியாளர் படிப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தஞ்சு வயசுல காலேஜு. இத்தனை நாள் போய் என்னத்தக் கிழிச்ச, சொல்லு கேப்போம்" என்றான்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "ஆபீஸுக்குப் புதுசா ஆள் வந்தா முதல்ல பேரைக் கேக்கணும். அப்புறம் எதிர்த்தரப்பு யாருன்னு கேக்கணும். ரெண்டு பேரும் ஏற்கெனவே வந்தவங்களான்னு பாக்கணும்."

"இதுக்கா பணம் கட்டிப் படிக்கிற? வாசல்ல உக்காந்திருக்கிற பொண்ணு செய்யிற வேலைடி இது." அவன் சிரித்த சிரிப்பில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தான். மகள் மிரேய் தன்னோடுதான் இருக்கப் போகிறாள் என்றான். "சாயங்காலமெல்லாம் காலேஜே கதின்னு கெடக்கிற அம்மாகிட்ட எந்த ஜட்ஜ் புள்ளையக் குடுப்பாரு? ஞாயித்துக்கிழமை வேணா வந்து மூஞ்சியப் பாத்துட்டுப் போ."

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை நாளும் அவள் பயந்துகொண்டிருந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

"நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அது நடக்காது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் கொலைவெறியோடு சொன்னாள்.

"அதுக்கு ஒரு வக்கீல் வேணுமே. மிச்சம் இருக்கிறது உங்க வாத்தியாரம்மா ஒருத்திதான். அந்தக் கிழவி வகுப்புலயே உன்ன நிக்க வச்சு மானத்த வாங்குறாளாமே."

அது பொய்யில்லை. நாலாவது வக்கீலான ஹெலன் ஓலெட்தான் அந்த வகுப்பை நடத்துகிறவர். பொல்லாத வாய். தூங்குவதற்கு வீட்டில் கட்டில் இல்லையா என்று போன வாரம்தான் எல்லோர் முன்னாலும் கிளாடெட்டைக் கேட்டிருந்தார். கிளாடெட் புத்தகங்களை வண்டியில் ஏற்றினாள். ரோலன் சீட்டியடித்துக்கொண்டே கிளம்பினான்.

அதற்கப்புறம் அவன் வக்கீலைத் தேடவே இல்லை. அவளுக்கே ஆள் கிடைக்கவில்லை, தனக்கு என்ன அவசரம் என்று பனியில் மீன் பிடிக்கப் போனான். திங்கட்கிழமை விசாரணை என்றிருக்க, வெள்ளிக்கிழமைதான் டை கட்டிக்கொண்டு ஊரிலேயே பெரிய வக்கீலிடம் போனான்.

வாசலில் இருந்த பெண் பேரைக் கேட்டாள், எதிர்த்தரப்பு யார் என்று கேட்டாள். உள்ளே போய்விட்டு வந்து, மன்னிக்கணும், இந்தக் கேஸை எடுக்க முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை. இரண்டாவது ஆபீஸிலும் இதே கதைதான். அந்த வக்கீலுக்கு ரொம்பத்தான் திமிர் என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

மூன்றாவது வக்கீல் கீ பூஷார் அவனோடு மான் வேட்டைக்குப் போகிறவன். அதனால் வாசலில் யாரையும் கேட்காமல் நேராக அறைக்குள் நுழைந்தான். கீ பதறி எழுந்தான்.

"கேஸப் பத்தி ஒரு வார்த்தை பேசாத, ரோலன். உன் பொண்டாட்டி இதே நாற்காலில உக்காந்து மனசுல உள்ள எல்லாத்தையும் எங்கிட்டக் கொட்டிட்டுப் போயிட்டா. அதக் கேட்டுட்டு உன் பக்கம் நின்னா என் தொழிலே போயிடும். மத்த ரெண்டு பேருக்கும் அதே கதிதான்."

"நீங்கதானடா அவளுக்கு ஆஜராக மாட்டோம்னு திருப்பி அனுப்புனீங்க?"

"அவ எங்கள வக்கீலா வரச் சொல்லிக் கேக்கவே இல்லையே. முதல் தடவை யோசனை கேட்டா எல்லாரும் காசு வாங்காமதான சொல்லுவோம்? அத மட்டும் கேட்டா. அழுதது நெசம்."

ரோலன் முகம் செத்துப்போனது. அடுத்த வக்கீல் வேண்டுமென்றால் தெற்கே மூன்று மணி நேரம் போக வேண்டும். திங்கட்கிழமைக்குள் இந்தப் பனியில் எவனும் கிளம்பி வர மாட்டான். மிரேயின் அறைக்குப் புதுக் கட்டில் வேறு வாங்கிப் போட்டிருந்தான்.

சட்டென்று நினைவு வந்தவனாகத் தொப்பியை எடுத்து மாட்டினான். "போங்கடா. ஓலெட் கிழவிகிட்டயே போறேன். அவளுக்கும் இவளக் கண்டாலே ஆகாது."

கீ அவனைப் பாவமாகப் பார்த்தான்.

"திங்கக்கிழமை கிளாடெட்டுக்காக வாதாடப் போறதே அவங்கதான்."