நாற்பத்தொரு முருகா

கால் இடித்தால் கூப்பிடுவதெல்லாம் எப்படி பக்தியாகும் என்று மனதுக்குள் பொருமினாள் எழிலரசி. மேடையில் கடவுளைக் கிண்டலடித்துச் சிரிக்கவைப்பது அவள் தொழில். அதற்கு நாத்திகர் உரிமம் வேண்டும். போன மாதம், ஒட்டுக்கேட்கும் கருவி பதித்த அவள் வீட்டுச் சுவர் நாற்பத்தொரு ‘முருகா’வைப் பதிவுசெய்து உரிமத் துறைக்கு அனுப்பிவிட்டது.

“இதுல கையெழுத்து போடுங்கம்மா. இனிமே வலிச்சா ‘அணுவே’ன்னுதான் கத்தணும்” என்றார் மேசைக்கு எதிரே இருந்த துறை அதிகாரி கனகசபை. “இல்லன்னா உரிமம் ரத்து.”

“அணுவேன்னா வலி போகுமா சார்?”

“முருகான்னா மட்டும் போகுதா?”

“போகல. ஆனா பக்கத்துல ஆள் இருக்கறாப்ல இருக்கு.”

“அப்போ நம்பறீங்க!”

“ஆள் இல்லன்னு தெரியும் சார். தெரிஞ்சுதான் கூப்பிடறேன்.”

எழிலரசி பேனாவை மூடி, தாளை அவர் பக்கமே தள்ளிவைத்தாள். எழும்போது முழங்கால் மேசையில் இடித்தது. அவர் காதில் விழும்படி, மெதுவாக, “முருகா” என்றாள்.