செலவில்லாத தாள்

“நோட்டீஸைப் பார்த்துட்டு வந்தீங்களா?” என்று ஆவலோடு கேட்டாள் தையல்காரி.

வாசலில் நின்ற பெரியவர் தலையாட்டினார். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் அவள் கடை நோட்டீஸ். “பஸ்ஸை விட்டு இறங்கினதும் நீங்கதான் கையில குடுத்தீங்க” என்றார்.

எதிரே ரெடிமேட் கடை வந்ததிலிருந்து அவள் கடையில் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக மெஷின் உறைபோட்டு மூடிக் கிடந்தது. இந்த மாதமும் ஆள் வராவிட்டால் மெஷினை விற்றுவிட்டுத் தங்கை வீட்டில் போய் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். கடைசி முயற்சி என்றுதான் நோட்டீஸ் அடித்து, வெட்கத்தை விட்டு, காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அவளே கொடுத்தாள்.

“உள்ள வாங்கய்யா. உட்காருங்க. நீங்கதான் முதல் ஆளு.”

பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டீஸை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து மறுபடியும் படித்தார். அவள் கடையின் பெயர் கொட்டை எழுத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

“இது எங்கம்மா அடிச்சீங்க?”

அவரும் எங்கோ சின்னதாகக் கடை போடப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். பத்து நாள் அலைந்து கற்றதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்கும் தலை வெடித்துவிடும்.

“பெரிய பிரஸ் பக்கமே போயிடாதீங்க, நம்மளை மதிக்க மாட்டாங்க. சந்துக்குள்ள ஒத்தை மிஷின் வெச்சிருக்கிறவரைப் பிடிங்க. கலர் கிலர்னு ஆசைப்படாதீங்க, கறுப்பு மையே போதும். படம் வேணாம். பேரு, போன் நம்பர், அவ்வளவுதான். நாமளே நின்னு குடுத்தா ஆள் கூலியும் மிச்சம்.”

அவர் பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். தயங்குகிறார் போலிருக்கிறது என்று அவளே உரிமையோடு பையை வாங்கிப் பிரித்தாள். இளநீலத்தில் பொடிப்பூ போட்ட புதுத்துணி. விலைச்சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை.

“நல்லா பார்த்து எடுத்திருக்கீங்க. யாருக்கு?”

“பொண்ணுக்குன்னு எடுத்தேன்.”

“அளவு?”

பெரியவர் விழித்தார். “தெரியாதும்மா. பார்த்து ஒன்பது வருஷமாச்சு.”

“வெளிநாட்டுல இருக்காங்களா?”

“இல்ல, இந்த ஊருதான். எனக்குப் பிடிக்காத பையனைக் கட்டிக்கிட்டா. அன்னிக்குப் பேச்சை விட்டவன்தான்.”

“சரியான அப்பாதான் போங்க. அவங்களும் பேசலையா?”

“போன் பண்ணுவா. நான்தான் எடுக்க மாட்டேன்.” துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். “மூணு மாசம் முன்னாடி ஒருநாள் இருபது தடவை அடிச்சுது. அப்பவும் எடுக்கலை. அதோட சரி, போனே இல்ல. மனசு கேக்காம இன்னிக்குக் கிளம்பினேன்.”

தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் அப்பாவும் இப்படி ஒருநாள் ஒரு துணியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

“கோபமாத்தான் இருப்பாங்க. இருந்துட்டுப் போகட்டும். நேரா இங்க கூட்டிட்டு வாங்க, நானே அளவெடுக்கிறேன். அப்பா எடுத்த துணியை எந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லுவா?”

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவளும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பிறகு மெதுவாகக் கேட்டார். “இந்தத் தாள் எப்படிம்மா கிடைச்சுது?”

“அதைத்தான் சொல்ல வந்தேன். நோட்டீஸுக்கு மையைவிடத் தாள்தான் செலவு. அந்தப் பிரஸ்ல யாரோ ஐந்நூறு கேட்டதுக்கு ஆயிரம் ஓட்டிட்டாங்களாம். மிச்சம் கட்டாக் கிடந்துது. ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் பளிச்சுன்னு வெள்ளை. சும்மாவே எடுத்துக்கம்மான்னுட்டார்.”

அது என்ன நோட்டீஸ் என்பதை மட்டும் அவள் மென்று விழுங்கிவிட்டாள். சொன்னால், கிடைத்த ஒரே ஆளும் துணியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

“இந்தக் கறுப்புக் கோடு?”

“நான் போட்டதுதான். பழசைப் படிச்சு யாரும் குழம்பிடக் கூடாதுல்ல? ஸ்கேலை வெச்சு ஐந்நூறுலயும் குறுக்கும் நெடுக்குமா ரெண்டு கோடு. ஒண்ணு விடலை. கை விட்டுப்போச்சு.”

பெரியவர் நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். அவள் கடையின் பெயர் அடியில் போய்விட்டது. இரண்டு கோடுகளும் சேருகிற இடத்தில் விரலை வைத்தார்.

“கோடு போடாதது ஒண்ணு இருந்தா குடுங்கம்மா” என்றார். “என் பொண்ணு இறந்த தேதி இதுல தெரியலை.”